எப்படிப்பா போட்ட?

1975-இல் குச்சனூரில் நாங்கள் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதினோம். மாதிரித்தாள் என்று ஒன்றை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வாத்தியார் கரும்பலகையில் கேள்விகளை எழுதிப் போடுவார். நாங்கள் பார்த்து எழுதிக்கொண்டு, கணக்கைப் போட்டுக் கொடுப்போம். பாஸானால் ஆறாம் வகுப்பு. பெயிலானால் அதே வகுப்பு, அதே பெஞ்சு. வீட்டில் ஆள் தேவைப்பட்டால் அதுவும் கிடையாது. நாற்றுப் பறிக்கவோ மாடு பத்தவோ போகவேண்டியதுதான். ஒரு பிள்ளையின் பாதையை அந்த ஒரு தாள் திருப்பிவிடும். அந்தத் தாளுக்கு எங்களை யாரும் பழக்கவில்லை.

அதே குச்சனூரில் இன்று என் அண்ணன் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பையைத் திறந்தால் கணக்குப் பயிற்சித்தாள்கள் கற்றையாக இருக்கின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். சரியானதற்கு உரிய வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் "ஸ்லாஸ் டெஸ்டுக்குச் சின்னத் தாத்தா" என்கிறாள். மாநில அளவிலான அடைவுத் தேர்வைத்தான் சொல்கிறாள். 2025 பிப்ரவரியில் அரசுப் பள்ளிகளில் 3, 5, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடந்தது. அந்தத் தேர்வில் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. தமிழும் ஆங்கிலமும் கணக்கும் பள்ளிகளில் எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று அரசு தெரிந்துகொள்வதற்கான அளவீடு அது.

எங்களை அளந்த தேர்வுக்கு எங்களைப் பழக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தை அளக்கும் தேர்வுக்கு இந்தப் பிள்ளையைப் பழக்குகிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

தலைகீழ் என்று சொன்னதால் பழையதுதான் நல்லது என்று சொல்ல வருகிறேன் என நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தைப் பற்றி ஒரு பையனை வைத்துத்தான் என்னால் பேச முடியும்.

அவன் என் பெஞ்சுக்காரன். அவன் அம்மா சனீஸ்வரர் கோயில் வாசலில் எள் பொட்டலமும் மண் காக்கையும் விற்றார். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் சுரபி நதியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கூட்டம் நெருக்கும்போது, கடையில் சில்லறைப் பொறுப்பு அவனுடையது. பொட்டலம் பதினைந்து காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏழு பொட்டலம் கேட்டு இரண்டு ரூபாய் நோட்டை நீட்டுவார். "நாலு அறுவது, மூணு நாப்பத்தஞ்சு, ஒரு ரூவா அஞ்சு காசு" என்று சொல்லிக்கொண்டே கையில் சில்லறையை வைப்பான். அஞ்சு காசு வைத்தால் ஒன்று பத்து; நாற்பது வைத்தால் ஒன்றரை; அரை ரூபாய் வைத்தால் ரெண்டு. அவன் கழிப்பதே இல்லை. விலையிலிருந்து மேலே ஏறிப் போய் நோட்டைத் தொடுவான். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் கை தடுமாறி நான் பார்த்ததில்லை.

அவனே பள்ளிக்கூடத்தில் 200-இலிருந்து 105-ஐக் கழிக்கச் சொன்னால் 105 என்று எழுதுவான். மேலே சைபர், கீழே ஐந்து. சைபரிலிருந்து ஐந்து போகாது என்பதால் ஐந்திலிருந்து சைபரைக் கழித்து ஐந்து என்று போட்டுவிடுவான். அடுத்து சைபரில் சைபர் போனால் சைபர். இரண்டில் ஒன்று போனால் ஒன்று. எல்லாக் கழித்தல் கணக்கிலும் இதே வழிதான். அவன் கவனமில்லாமல் போடவில்லை, ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போட்டான். விதி தப்பு, அவ்வளவுதான்.

அதற்கு அவனுக்குக் கிடைத்தது பிரம்படி. "எப்படிப்பா போட்ட?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். கேட்டவர் இல்லை. ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டாம் முறையும் பெயிலாகி நின்றுவிட்டான். பிற்பாடு வாழைத்தார் வியாபாரத்துக்குப் போனான். தார் எண்ணிக்கையும் விலையும் கமிஷனும் மனக்கணக்காகவே ஓடின. கணக்கு வராதென்று பள்ளிக்கூடம் அனுப்பி வைத்தவன் வாழ்நாள் முழுக்கக் கணக்கில்தான் பிழைத்தான்.

நாங்கள் அந்தப் பரீட்சை எழுதி மூன்று ஆண்டு கழித்து, 1978-இல், அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகள் கண்டபடி தப்புப் போடுவதில்லை. பல சமயம் ஒரு தப்பான விதியை விடாமல் பின்பற்றுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவது அவர்கள் வரிசைப்படுத்திய தப்புகளில் ஒன்று. படித்தபோது எனக்குக் கோயில் வாசல்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது பேத்தியின் தாளுக்கு வருகிறேன். 402-இலிருந்து 178-ஐக் கழி என்று ஒரு கேள்வி. கீழே 224, 234, 376, 580 என்று நான்கு விடைகள். சரியானது 224. மற்ற மூன்றையும் பாருங்கள். 376 என்றால் என் பெஞ்சுக்காரன் போட்ட வழி: எட்டிலிருந்து இரண்டு, ஏழிலிருந்து சைபர், நாலிலிருந்து ஒன்று. 234 என்றால் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. பத்தாம் இடத்தில் வந்த பத்திலிருந்து ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்ததை மட்டும் மறந்துவிட்டது. 580 என்றால் கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறது. மூன்று தப்புக்கும் மருந்து வேறு வேறு. நல்ல கொள்குறி வினாவைத் தயாரிப்பது அவ்வளவு சுலபமல்ல. தப்பான விடை ஒவ்வொன்றையும் ஒரு பிள்ளையின் மனதுக்குள் போய்ப் பார்த்துத்தான் எழுத முடியும். எழுதியவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அந்த உழைப்பு எங்கே போகிறது? பேத்தி 376-இன் வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள். தாளில் சிவப்புக் கோடு ஒன்று. மேலே இருபதுக்குப் பதினொன்று என்று மதிப்பெண். அடுத்த நாள் அடுத்த தாள். டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, தாள் திருத்தி, செயலியில் மதிப்பெண் ஏற்றி, வாரத்துக்கு இத்தனை தாள் முடிக்க வேண்டும் என்ற கணக்கும் தலையில் இருக்கும்போது யாருக்குத்தான் நேரம் இருக்கும்? அன்று தப்பு விடைக்கு அடி விழுந்தது. இன்று தப்பு விடை எண்ணிக்கையில் சேருகிறது. எப்படிப் போட்டாய் என்ற கேள்வி இரண்டு காலத்திலும் வரவில்லை.

நடுவில் நல்லது நிறைய நடந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைத் தடுத்தது, எட்டாம் வகுப்பு வரை பெயில் போடுவதையும் தடுத்தது. அந்தச் சட்டம் அன்றே இருந்திருந்தால் என் பெஞ்சுக்காரன் எட்டாவதாவது முடித்திருப்பான். 2019 செப்டம்பரில் 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தபோது பல வீடுகளில் பழைய பயம் திரும்பி வந்தது; 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது நியாயமான காரியம். கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், ஒரே வகுப்பில் இருந்தாலும் பிள்ளைகள் ஒரே இடத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பாடம் வைத்தது. யாருக்கு எது வரவில்லை என்று கேட்கும் எண்ணம் அதில் இருக்கிறது. 2025-இல் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் 'திறன்' என்று அடிப்படையைச் சரிசெய்யும் பயிற்சியும் தொடங்கியிருக்கிறது.

அளக்கவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. 2017, 2021 ஆண்டுகளில் தேசிய அடைவு ஆய்வு நடந்தது; 2021-இல் மட்டும் நாடு முழுக்க 34 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்ற பெயரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளில் நடந்த ஆய்வில் 21 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கில் தேசிய சராசரி 46 சதவீதம். அரை, கால், முக்கால் போன்ற பின்னங்களைக் காட்டவும் ஒப்பிடவும் தெரிந்தவர்கள் 29 சதவீதம். இதைத் தெரிந்துகொண்டது நல்லதுதான். ஆனால் காய்ச்சல் மானியை வைக்கும் முன் உடம்பை ஐஸ் தண்ணீரில் நனைத்துவிட்டால் காட்டுகிற அளவை யார் நம்புவது? அதே மாதிரிக் கேள்விகளில் மாதக்கணக்கில் பிள்ளையைப் பழக்கிவிட்டு எடுக்கும் அளவு, பிள்ளைக்குத் தெரிந்ததைச் சொல்லாது. எவ்வளவு பழக்கினோம் என்பதைத்தான் சொல்லும்.

அந்த 29 சதவீதம் என்னைப் பெரிதும் வருத்துகிறது. எங்கள் வீட்டில் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று நான்கு அளவுப் பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததில் பாதி. அப்பத்தா "காலே அரைக்கால் படி எடுடா" என்றால் உழக்கால் ஒருதரம், ஆழாக்கால் ஒருதரம் எடுத்துப் போடுவோம். கையால் கூட்டிய அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் கால் கூட்டல் எட்டில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தபோது, எங்களில் பாதிப்பேர் மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே நாலும் எட்டும் பன்னிரண்டு என்று போட்டோம். பன்னிரண்டில் இரண்டு என்றால் ஆறில் ஒன்று. காலை விடக் குறைவு. உழக்கு அரிசியோடு ஆழாக்கு அரிசியைச் சேர்த்தால் அரிசி குறையுமா என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. பேத்தியின் தாளிலும் பன்னிரண்டில் இரண்டு ஒரு விடையாக உட்கார்ந்திருக்கிறது. அவள் வீட்டில் உழக்கும் இல்லை.

பொருளாதார அறிஞர்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் மற்ற சிலரும் 2025-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். கடையில் சிக்கலான விலைக்கணக்கை மனதிலேயே போடுகிற அந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். சந்தையில் வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் புத்தகக் கணக்கில் தேறினார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். என் பெஞ்சுக்காரனும் என் பேத்தியும் அந்த ஒரு கட்டுரைக்குள் எதிரெதிராக நிற்கிறார்கள்.

பழக்கத்தான் வேண்டும் என்று நான் வாதாடுகிற ஒரு தேர்வும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு அது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனுக்குத் தொண்ணூறு, பாடங்களுக்குத் தொண்ணூறு என்று இரண்டு தாள்; ஒவ்வொன்றுக்கும் தொண்ணூறு நிமிடம். தேறித் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம், மொத்தம் 48,000 ரூபாய். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் தாய்மார்களின் பிள்ளைகள் எங்கள் ஊர்ப்பக்கம் நிறைய. அந்தப் பணம் ஒரு பெண்பிள்ளையின் படிப்பைப் பத்தாவதில் நின்றுபோகாமல் காப்பாற்றும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற ஓட்டத்துக்குப் பழகாமல் யாரும் எழுத முடியாது. சனிக்கிழமையிலும் சாயங்காலத்திலும் உட்கார்ந்து இதற்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. பயிற்சியின் பலன் பிள்ளையின் கையில் போய்ச் சேர்கிற இடம் அது. மற்ற பயிற்சித்தாள்களிலும் பலன் பிள்ளைக்கே சேர வேண்டுமானால் தாளின் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம். மிச்சமாகும் பாடவேளையில், வகுப்பில் அதிகம் பேர் போட்ட தப்பு விடையை எடுத்து வைத்துக்கொண்டு போட்டவர்களையே பேசச் சொல்லலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்கள் மதிப்பெண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல் இதையும் கேட்டால் டீச்சருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் அந்த 376-ஐக் காட்டிக் கேட்டேன். "எப்படித் தாயி போட்ட?"

"எட்டுல ரெண்டு போனா ஆறு, சின்னத் தாத்தா. ரெண்டுல எட்டுப் போகாதுல்ல."

நாலு நூறு ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் அவள் முன்னால் வைத்தேன். இதிலிருந்து நூற்று எழுபத்தெட்டைக் கொடு என்றேன். ஒரு நூறை எடுத்து வைத்தாள். மிச்சம் எழுபத்தெட்டுக்குக் கையில் சில்லறை இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு நூறை மாத்தணும்" என்றாள். மாற்றி, பத்துப் பத்து ரூபாயாகக் கொடுத்தேன். அதில் ஏழைக் கொடுத்துவிட்டு எட்டு ரூபாயில் வந்து நின்றாள். "இதுல ஒரு பத்தையும் மாத்தணும், தாத்தா." மாற்றினோம். கொடுத்து முடித்ததும் கையில் இருந்ததை எண்ணினாள்: இரண்டு நூறு, இரண்டு பத்து, நான்கு ஒன்று. பயிற்சித்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 402-ஐ எழுதி, நாலை அடித்து மூன்றாக்கினாள். சைபருக்கு மேலே முதலில் பத்து என்று எழுதினாள். பிறகு அதையும் அடித்து ஒன்பது என்று எழுதிவிட்டு, பழைய தாள்களில் இதே மாதிரிப் போட்ட கணக்குகளை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தாள்.