பஞ்சுத் தூசிப் பெருவேந்தர் மெய்க்கீர்த்தி

சரபங்கா நதிக்கரை எடப்பாடியைக் கோநகராகக் கொண்டு, ஜலகண்டாபுரம், கொங்கணாபுரம், தாரமங்கலம் ஆகிய நாடுகளை வெண்கொற்றக் குடைக்கீழ் அடக்கி, திருச்செங்கோட்டு மலையடிவாரம் கடந்து காவிரிக்கரைப் பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை ஆணை செலுத்தும் ஸ்ரீமத் பஞ்சுத் தூசிப் பெருவேந்தர் அவர்களின் புகழ் ஓங்குக! மேட்டூர் அணை பெருகும், வறளும். நூல் விலை ஏறும், இறங்கும். கோட்டையில் ஆட்சி மாறும். ஒரு முதலமைச்சரையே நாட்டுக்குத் தந்த ஊர் இது. ஆனால் தறி ஓடும் கூடத்துக்குள் வேந்தரின் ஆட்சி மட்டும் ஒருநாளும் கவிழ்ந்ததில்லை.

அவருடைய குலம் சாமானியக் குலமன்று. பருத்திக் காயைச் சுற்றிய காய்ந்த செதில், இலைச் சருகு, மண், பூஞ்சை, செடியோடு ஒட்டி வரும் பாக்டீரியாவின் நச்சு எனப் பல குடியினரும் கூடி எழுந்த பேரரசு அது. நூற்பாலையில் பஞ்சைப் பிரிக்கும் இடத்திலும் சிக்கெடுக்கும் இடத்திலும் அவர் முழுக் கோலத்தில் எழுந்தருள்கிறார். விசைத்தறிக்கு வரும்போது நம் மண்ணின் மணத்தையும் சேர்த்துக்கொள்கிறார். பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கச் சைசிங்கில் கஞ்சி ஏற்றுகிறார்கள் அல்லவா? சேலமும் நாமக்கல்லும் மரவள்ளிக்குப் பேர்போன சீமை. ஜவ்வரிசியாக உலகத்துக்குப் பாயசம் ஊட்டும் அதே கிழங்கின் மாவு, தறியில் நூலோடு நூல் உரசும்போது உதிர்ந்து வேந்தரின் திருமேனிக்குச் சந்தனமாகிறது. ஊர்ப் பாசம் என்றால் இதுவல்லவா பாசம்!

அவருடைய அரண்மனையைக் காணக் கண் கோடி வேண்டும். சிமெண்ட் ஓட்டுக் கூரையின்கீழ் எட்டுத் தறிகள். காற்று அடித்தால் நூல் அலையும், ஈரம் காய்ந்தால் நூல் அறும் என்று சன்னல்களை அடைத்துவைத்திருக்கும் பக்தி. டியூப்லைட்டின் மேல் விரல் தடிமனுக்கு வெண்பஞ்சு, மின்கம்பியில் தோரணம், மூலையில் சிலந்திவலை முத்துப்பந்தலாய்த் தொங்குகிறது. காலையில் கூட்டிப் பெருக்குவது வேந்தரைத் துயிலெழுப்பும் சடங்கு. கீழே படிந்து உறங்கியவர் துடைப்பம் பட்டதும் எழுந்து, கூட்டுகிறவரின் மூக்கு உயரத்துக்கு வந்து ஆசி வழங்குகிறார். வசதி படைத்த பட்டறைகளில் கம்ப்ரஸர் காற்றை அடித்து இந்தச் சடங்கை ஆடம்பரமாகவே நடத்துகிறார்கள். உறிஞ்சும் இயந்திரம் வைத்து அவரைப் பையில் அடைக்கும் அவமரியாதை இந்தச் சீமையில் அபூர்வம்.

அவருடைய சமதர்மத்தை என்னென்பேன்! தாரில் நூல் சுற்றும் அம்மாவுக்கும் தறி ஓட்டும் பிள்ளைக்கும் ஒரே கிரீடம்: புருவம் வரை வெள்ளை. இருபது வயதுப் பையனுக்கு ஒரே ஷிப்டில் அறுபது வயதுக்குரிய மதிப்பான நரை. கூலிக்கு நெய்யும் சிறு பட்டறைக்காரர் தாமே தறி ஓட்டுகிறவர். அவர் முதலாளியாயிற்றே என்று வேந்தர் ஒதுக்குவதில்லை. வீட்டோடு தறி போட்டிருக்கும் குடும்பங்களில் தொட்டில் கட்டிய குழந்தைக்கும் அதே காற்றில் பங்கு. படி அளக்கும்போது பேதம் பார்க்காத இப்படி ஒரு பிரபுவை இந்த நாட்டின் வேறெந்தத் துறையில் காட்ட முடியும்?

இனி அவருடைய அற்புதங்களில் தலையாயதைச் சொல்லவேண்டும்: திங்கட்கிழமைத் தரிசனம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த தறிக்காரருக்கு மூச்சு லேசாகிவிடும். அந்த நன்றிகெட்ட சுகத்தைத் திருத்தவே வேந்தர் மறுநாள் அவர் நெஞ்சின்மேல் திருக்கரம் வைத்து அழுத்துகிறார். வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும். செவ்வாய்க்குள் சரியாகிவிடும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நாலு நாள் பட்டறை மூடித் திறந்தால் வரவேற்பு இன்னும் பலம். ஆண்டுகள் போகப்போக அன்பு பெருகி, திங்கள் செவ்வாய் என்ற கணக்கு மறைந்து, வாரம் முழுவதும் கை எடுக்கமாட்டார். பீடி பிடிக்கும் நண்பர்களிடம் அந்தப் பாசம் இன்னும் வேகமாக முற்றும். முதல் படியிலேயே ஒருவரைத் தூசியைவிட்டு விலக்கினால் நுரையீரல் பெரும்பாலும் தேறிவிடும் என்று மருத்துவம் சொல்கிறது. கடைசிப் படிக்குப் போனவரை வேந்தர் திருப்பி அனுப்புவதில்லை. மாடிப்படி ஏறக்கூட அவருடைய அனுமதி வேண்டும்.

“ஏனுங்கண்ணா, இப்படி மூச்சு வாங்குது?” என்று ஒரு தறிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். “தூசிதானுங்க கண்ணு, பழகிப்போச்சு” என்பார், வாயில் ஒரு வெல்லக் கட்டியை ஒதுக்கிக்கொண்டே. வெல்லம் தொண்டையில் இறங்கும்; தூசி நுரையீரலில் இறங்கும். இரண்டு வழியும் வேறு என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லி மனம் நோகடிக்க எந்த அலுவலரும் வந்ததில்லை. என்ன ஒரு பண்பாடு!

வேந்தரின் வம்ச வரலாறும் நெடிது. 1700-இல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்ற மருத்துவர், தொழில் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் சணலும் ஆளியும் சிக்கெடுப்பவர்களின் இருமலைக் குறித்துவைத்தார். 1831-இல் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் கே பஞ்சாலைத் தொழிலாளரின் நெஞ்சு நோயை எழுதினார். 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்து, திங்கட்கிழமை அருளைப் படிப்படியாகப் பிரித்து அளந்தார். பைசினோசிஸ் என்பது வேந்தர் தரும் இந்த நெஞ்சு நோய்க்கு அந்த நாடுகளில் வழங்கும் பட்டப்பெயர். இத்தனை மரியாதை செய்த மேலைநாட்டாரே பிறகு கை ஓங்கியதுதான் வருத்தம். 1978-இல் அமெரிக்கா ஒரு விதி செய்தது: நூற்கும் இடத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம், நெய்யும் இடத்தில் 750, அதற்குமேல் வேந்தர் இருக்கக்கூடாது. ஆலை முதலாளிகள் அவருக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 1981-இல் தோற்றார்கள். தொழிலாளியின் மூச்சை லாப நட்டக் கணக்கோடு தராசில் வைக்கவேண்டியதில்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. சக்கரவர்த்திக்குச் சொல்லத் தகுந்த வார்த்தையா இது?

நம் நாடு அப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசுவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பதினான்காம் பிரிவு, தூசியை எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றச் சொன்னது. அதன் அட்டவணை, பஞ்சுத் தூசிக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. இன்னோர் அட்டவணையில் பைசினோசிஸ் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. இத்தனையும் எழுதிவிட்டு, மின்விசையால் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று ஒரு சிறிய வாசலைத் திறந்துவைத்தார்களே, அந்த ராஜதந்திரத்துக்குத் தலை வணங்குகிறேன். எட்டுத் தறிப் பட்டறையில் ஏது பத்துப் பேர்? தறி பெருகினால் மனைவி பெயரில் கொஞ்சம், பங்காளி பெயரில் கொஞ்சம். சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஒரே தூசி. சட்டத்தின் கண்ணில் மட்டும் தனித்தனிப் பட்டறை. பத்து என்பது வேந்தருக்கு இடுக்கமாக இருக்குமோ என்ற கவலையில், 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை இருபது ஆக்கியது. அரசின் கருணையும் குறைந்ததன்று. தறி நிற்காமல் ஓட விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். தறி எவ்வளவு ஓடியது என்று பார்க்க மீட்டர் இருக்கிறது. மூச்சு எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்கும் கருவியைப் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்து வேந்தரைச் சங்கடப்படுத்துவதில்லை.

கூலி முறையும் அவருக்கு உற்ற துணை. மீட்டர் கணக்கில் சம்பளம். இருமி நின்றால் மீட்டர் நிற்கும். முன்பணம் வாங்கியவர் நெஞ்சு வலிக்கிறது என்று வேறு வேலைக்குப் போக முடியாது. கடன் தீரும்வரை வேந்தரின் அவையில் அவர் நிரந்தர உறுப்பினர். முகக்கவசம்? வியர்வையில் நனைந்த துண்டு ஒன்று கழுத்தில் கிடக்கிறது. அதை அவரேதான் நெய்தார்.

எல்லாவற்றிலும் மேலானது அவருடைய அடக்கம். கல்குவாரித் தூசியைப் போல எக்ஸ்ரே படத்தில் தம் பெயரைப் பொறித்துவைக்கும் விளம்பர ஆசை அவருக்கில்லை. இந்த நோய்க்கென்று தனி அடையாளம் எதையும் படத்தில் காட்டமாட்டார். அதனால் அவர் செய்த தர்மமெல்லாம் ஆஸ்துமா கணக்கிலும் ‘ஈளை’ கணக்கிலும் ஏறுகிறது. சிலருக்கு டிபி என்று சளிப் பரிசோதனை நடக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத வள்ளல்!

ஆகவே எடப்பாடிச் சீமைப் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மூச்சுத் திணறி மருத்துவரிடம் போனால் பெயர், வயது, ஊர் மட்டும் சொல்லுங்கள். எத்தனை ஆண்டாகத் தறி ஓட்டுகிறீர்கள் என்பதையும், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறது என்பதையும் மறந்தும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மருத்துவர் ஷிப்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை குழாயில் ஊதச் சொல்வார். இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் வேந்தரின் கைரேகை விழுந்துவிடும். தொழிற்சாலை என்று பதிவான இடத்தில் வேலை செய்பவராக இருந்தால், மருத்துவர் அதை எழுத்தில் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 1948 சட்டத்தின் 89-ஆம் பிரிவு இட்ட அந்தக் கடமையைப் புதிய தொகுப்பும் விடவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்ட அட்டவணையிலும் இந்த நோய் இருக்கிறது. பணம் கேட்கக்கூட உங்களுக்குத் தோன்றிவிடலாம். அவ்வளவு பெரிய ராஜதுரோகத்தைச் செய்துவிடாதீர்கள்.