கதிரைக்கு வந்த கிராக்கி

மருமகன், பொத்துவில் பக்கம் இப்ப எதுக்குக் கிராக்கி எண்டு கேட்டா, அறுகம்பேயில ஹோட்டல் கட்டுற காணிக்கு எண்டு சொல்லுவீங்க. அது பழைய கதை. இப்ப பள்ளிக்குள்ள கிடக்கிற பிளாஸ்டிக் கதிரைக்குத்தான் கிராக்கி. முந்தி ஒரு மூலையில ஒண்டு ரெண்டு கிடக்கும்; தொண்ணூறைத் தாண்டின ஆக்கள்தான் அதில இரிப்பாங்க. இப்ப ஜும்ஆவுக்குக் கொஞ்சம் பிந்திப் போனாக் கதிரை இல்ல. தாடி நரைக்காத மாப்பிள்ளைமாரெல்லாம் முழங்காலைத் தடவிக்கொண்டு பின் சஃப்பில வரிசையா இரிக்கிறாங்க.

மெய்யா ஏலாதவரை நான் பகிடி பண்ணல்ல. நிண்டு தொழ ஏலாட்டி இருந்து தொழலாம் எண்டு மார்க்கமே வழி விட்டிரிக்கு. இம்றான் இப்னு ஹுசைன் ரழியல்லாஹு அன்ஹு அவங்களுக்கு மூல வருத்தம் இருந்தப்ப கிடைச்ச சலுகை அது. மெய்யா ஏலாதவருக்குக் கதிரை உரிமை. அதில நான் வாய் வைக்க மாட்டன். நான் பார்க்கிறது உங்களைத்தான். கலியாண வீட்டில சஹனைச் சுத்தி அஞ்சு பேரோட சம்மணம் கட்டி இரிக்கக்குள்ள அந்த நோவு எங்க போகுது? இறைச்சி முடியுமட்டும் முழங்கால் பேசாமக் கிடக்கும். கை கழுவ எழும்பச் சொன்னாத்தான் அதுக்கு நினைவு வரும்.

சரி, கோவிக்காதீங்க. நோவு பொய் எண்டு சொல்லல்ல. ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எண்டு டொக்டர்மார் சொல்ற இந்த மூட்டு வருத்தம் 2019இல உலகத்தில 52 கோடி 80 லட்சம் பேருக்கு இருந்ததாம். முழங்கால்காரர் மட்டும் 36 கோடி 50 லட்சம். உலக சுகாதார நிறுவனத்துக் கணக்கு. பத்தில ஆறு பேர் பொம்புளையள். உங்கட மாமி அந்த ஆறில ஒராள். அவ நொண்டி நொண்டி அடுப்படியில நிக்கிறா, சத்தமில்ல. நீங்க ஊருக்கே அறிவிச்சிட்டீங்க.

உங்கட பிழை எங்க எண்டா, முழங்காலை மாட்டு வண்டில் அச்சு எண்டு நினைச்சது. இவ்வளவு தூரம்தான் ஓடும், மிச்சத்தைச் சேமிக்க வேணும் எண்டு கணக்குப் போட்டு, பள்ளிக்கும் மோட்டார் சைக்கிள், பேக்கரிக்கும் மோட்டார் சைக்கிள், அடுத்த வளவுக்குக் கடன் கேட்கப் போறதுக்கும் மோட்டார் சைக்கிள். அச்சு இரும்பு, மருமகன். முழங்கால் உசிருள்ள சாமான். எலும்பு நுனியைப் போத்தியிரிக்கிற குருத்தெலும்புக்குள்ள இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள்ள ஊறுற வழுவழுத் தண்ணியிலதான் அதுக்குச் சாப்பாடு. பாரம் விழுந்து எழும்ப எழும்பத்தான் அந்தத் தண்ணி உள்ள போய்வரும். நீங்க நடக்காம இருந்து அதைப் பட்டினி போடுறீங்க, பேர் மட்டும் ஓய்வு.

வருத்தம் குருத்தெலும்போட நிக்கிறதுமில்ல. அதுக்குக் கீழ இரிக்கிற எலும்பு தடிக்கும், ஓரத்தில முள்ளு வளரும், மூட்டின்ட உள்தோல் வீங்கும், தொடைத் தசை மெலியும். தசை மெலிஞ்சா மூட்டுக்குப் பாரம் கூடும், கூடினா நோகும், நோகுது எண்டு நடக்க மாட்டீங்க, நடக்காட்டி இன்னும் மெலியும். மறுகா மோட்டார் சைக்கிள்.

இது அந்த வருத்தம்தானா எண்டு பார்க்கப் பெரிய மெஷின் தேவையில்ல. நாற்பத்தஞ்சு வயதுக்கு மேல, நடந்தா, ஏறி இறங்கினா நோகுது. சுபஹுக்கு எழும்பினாக் கால் விறைச்சிரிக்கும், ஒழுச் செய்து பள்ளிக்குப் போய்ச் சேருறதுக்குள்ள விட்டிரும். அரை மணித்தியாலத்துக்குள்ள விட்டா அனேகமா இதுதான். விறைப்பு ஒரு மணித்தியாலம் தாண்டியும் நிண்டு, கை விரல் மூட்டும் வீங்கினா அது வேற சாதி வாதம், வேற மருந்து. முழங்கால் திடீரெண்டு சிவந்து கொதிச்சுக் காய்ச்சலும் வந்தா என்ட கதையைக் கேட்டுக்கொண்டு நிக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக் காட்டித் திரியுறதையும் விடுங்க. படத்தில மோசமா இரிக்கிற கால் நோகாம நடக்கும். படத்தில நல்லா இரிக்கிற கால் துடிக்கும். படத்துக்கும் நோவுக்கும் அவ்வளவு சொந்தமில்ல.

இப்ப உங்கட வயித்துக்கு வாறன். ஒரு கிலோ இறங்கினா, வைக்கிற ஒவ்வொரு அடியிலயும் முழங்காலில விழுற பாரத்தில நாலு கிலோ குறையுதெண்டு அளந்து பார்த்திரிக்காங்க. நாலு கிலோ குறைச்சா அடிக்குப் பதினாறு கிலோ. அந்தக் கணக்கை விட்டுப்போட்டு நீங்க ராவைக்கு மாட்டுக் கொத்து, மறுகா எருமைத் தயிர், அதுக்கு மேல பாணி. வட்டிலப்பத்தை எடுக்க மட்டும் ரெண்டு தரம் நடக்கிறீங்க, அதைத் தேகப்பயிற்சி எண்டு எழுத ஏலாது.

மெய்யான பயிற்சியைச் சொல்றன், சிரிக்காதீங்க. அந்தக் கதிரைதான் மருந்து. ஆனா இருக்கிறதில இல்ல, எழும்புறதில. கையை நெஞ்சில கட்டிக்கொண்டு, எதிலயும் ஊண்டாம மெதுவா எழும்பி, மெதுவா இரிங்க. பத்துத்தரம். ஏலாட்டிக் கொஞ்சம் உசந்த கதிரையில தொடங்குங்க. மறுகா இருந்தபடியே ஒரு காலை நேரா நீட்டி, தொடையை இறுக்கி, அஞ்சு எண்ணி இறக்குங்க. பிறகு மற்றக் கால். முதல் கிழமையில கொஞ்சம் நோகும், அதுக்குப் பயந்து விடப்படாது. அண்டைக்கு நொந்த நோவு அடுத்த நாளும் கூடிக் கிடந்தா மட்டும் அளவைக் குறைங்க. ரெண்டு மூணு மாசம் விடாமச் செய்யாம, பலனில்ல எண்டு என்னட்ட வரவேணாம்.

நடக்க நோகுதெண்டா உங்கட வாசலில கடல் கிடக்கு. இடுப்பளவு தண்ணியில நிண்டா உடம்புப் பாரத்தில ஏறக்குறையப் பாதிதான் காலில இறங்கும். பட்டணத்தில இதுக்கெண்டு தொட்டி கட்டிக் காசு வாங்குறாங்க. வள்ளம் இழுத்து வச்சிரிக்கிற பக்கம் அலை குறைவு. அங்க இறங்கி, ஒராளைத் துணைக்கு வச்சிக்கொண்டு நடங்க. மாரியில கடல் பொங்கினா வேணாம். களப்புக்குள்ளயும் வேணாம், அங்க முதலை கிடக்கு. அதைக் கண்டா நீங்க ஓடுவீங்கதான், ஆனா அப்பிடிக் கிடைக்கிற சுகம் நிலைக்காது. அறுகம்பேயில நரைச்ச தலையோட வெள்ளைக்காரன் அலையில சறுக்குற பலகையில குந்திக் குந்தி எழும்புறான். அந்தப் பலகையை அவனுக்கு வாடகைக்குக் குடுத்துப்போட்டு நீங்க நிழலில கதிரை தேடுறீங்க.

மருந்து வேணாமெண்டு சொல்லல்ல. பெனடோல் இந்த நோவுக்குப் பெரிசா எடுபடாது. நோவைக் குறைக்கிற டைக்ளோஃபெனாக் மாதிரிப் பூசு மருந்துதான் முதல் படி. அதே சாதிக் குளிசையைப் பாமசியில சும்மா வாங்கி மாசக்கணக்கில முழுங்கினா வயித்தில புண் வரும், பிரஷர் ஏறும், கிட்னி கெடும். உங்களுக்குச் சீனியும் பிரஷரும் இரிக்கு, கிளினிக் கொப்பியே சாட்சி. முழங்காலுக்குள்ள போடுற ஸ்டீரோயிட் ஊசி சில கிழமைக்குச் சுகம் தரும், சீனியையும் கொஞ்ச நாளைக்கு ஏத்தும். திருப்பித் திருப்பிப் போட்டாக் குருத்தெலும்பு மெலியக்கூடும். வெளிநாட்டிலயிரிந்து மச்சான் அனுப்புற குளுக்கோசமின் போத்தல், அலுமாரிக்கு அழகு. 

ஓட்டை போட்டு முழங்காலைக் கழுவுற வைத்தியம் ஒண்டு இருந்தது தெரியுமா? அமெரிக்காவில ஹூஸ்டனில மோஸ்லி எண்ட டொக்டர் 180 பேரைப் பிரிச்சார். கொஞ்சப் பேருக்கு உள்ள சுரண்டினார், கொஞ்சப் பேருக்குக் கழுவினார், மிச்சப் பேருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைச்சு அனுப்பினார். ரெண்டு வருசம் பார்த்தா மூணு கூட்டத்துக்கும் ஒரே நோவு. 2002இல அச்சிலயும் வந்தது. எங்கட பரிசாரியார்ர எண்ணெய்க்குத் தையலாவது இல்ல.

எல்லாம் செய்தும் ராவையில நித்திரை இல்ல, நாலடி வைக்க ஏலாது எண்டு வந்தா முழங்காலை மாத்தலாம். வாஜ்பாய் இந்தியாவில பிரதமரா இரிக்கக்குள்ள 2000 ஒக்டோபரில இடதை மாத்தினார், 2001 ஜூனில வலதை. மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரி. நியூயோர்க்கிலயிரிந்து டொக்டர் ரணாவத் வந்து வெட்டினார். அடுத்த மாசமே ஆக்ராவில பாகிஸ்தான் ஜனாதிபதி முஷாரஃபோட பேச்சுவார்த்தை. முழங்கால் சரிவந்தது, பேச்சுவார்த்தைதான் சரிவரல்ல. மாத்தின முழங்காலில பத்துக்கு எட்டு 25 வருசம் நிக்கும். ஆனா சுஜூதுக்கு மடங்குமெண்டு ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. முதல்ல பொத்துவில் ஆஸ்பத்திரியில காட்டுங்க. பெரிய இடம் தேவையெண்டா அவங்க எழுதித் தருவாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில காட்டக் காசுமில்ல, பொறுமை மட்டும் கொண்டு போங்க.

ஓ, அந்தப் பொல்லு. எந்தக் கால் நோவு எண்டீங்க? வலதா? அப்ப ஏன் பொல்லை வலக்கையில பிடிச்சிரிக்கீங்க? நோகாத பக்கத்துக் கையில பிடிக்க வேணும். நோவுக் காலை வைக்கக்குள்ள பொல்லும் சேர்ந்து முன்னுக்குப் போக வேணும். மாத்துங்க. அப்பிடித்தான். இனி நடந்து காட்டுங்க பார்ப்பம்... அல்லாஹ்வே, மருமகன், இப்ப ஏன் இடது காலை நொண்டுறீங்க?