சத்தியும் சந்திரனும்

விண்வெளிக்குப் போய்வந்தவர்களின் புத்தகம் கைக்குக் கிடைத்தால் நான் முதலில் தேடுவது, யார் எந்த இடத்தில் சத்தி எடுத்தார் என்பதைத்தான். ரொக்கெட் எழும்புவது, கொடி நடுவது, ஜனாதிபதி தொலைபேசியில் பேசுவது எல்லாவற்றையும் பிறகு ஆறுதலாக வாசிப்பேன். 1961 ஓகஸ்டில் கெர்மன் தீத்தோவ் ஒரு நாளுக்கு மேல் மேலே இருந்தார். பூமியை 17 தடவை சுற்றினார். விண்வெளியில் முதலில் தூங்கியவர் அவர். முதலில் குமட்டிச் சத்தி எடுத்தவரும் அவர்தான். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி ஓடத்தில் போன அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் பட்ட பாடு அதைவிடப் பிரபலம். நாசாக்காரர்கள் அவருடைய பெயரையே அளவுகோலாக்கிவிட்டார்கள். ஆக மோசமான குமட்டல் என்றால் ஒரு கார்ன். மற்றவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு கார்ன் வந்தாலே பெரிய காரியமாம்.

நான் கல்முனைக்குடிக் கரையிலிருந்து மச்சானின் போட்டில் ஏறியவன். அலை உடைகிற இடத்தைத் தாண்ட முன்னமே ஒரு முழுக் கார்ன். கரையில் நின்றவர்கள் சிரிப்பதுகூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"மீன் புடிக்க வந்தமா, மீனுக்குத் தீன் போட வந்தமா மச்சான்?"

தீத்தோவுக்கும் இப்படித்தான் நடந்தது என்றேன்.

"அது எந்த ஊர் ஆள்?"

ரஷ்யா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்றுதான் வெளியே வந்தது.

என் வாசிப்பின் இன்னொரு இரகசியம், கணக்கு வரும் பக்கங்களை நான் புரட்டிவிடுவேன். வட்டம் போட்டு அம்புக்குறி கீறிய படம் வந்தால் அடுத்த அத்தியாயம்தான். வாசித்தது பாதி என்றாலும் பேசும்போது முழுசாகப் பேசுவேன். சமூகக்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது. அப்படித்தான் ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் ஜெமினி 4 கதையை எடுத்தேன். 1965 ஜூன் மாதம். ஜேம்ஸ் மக்டிவிட், தன் விண்கலத்தை ஏற்றிவந்து கழன்ற ரொக்கெட் துண்டு முன்னால் மிதப்பதைப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் போகப் பார்த்தார். மூக்கை அதற்கு நேரே திருப்பி வேகத்தைக் கூட்டினார். அது இன்னும் தூரப் போனது. திரும்பவும் கூட்டினார். திரும்பவும் தூரப் போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள்.

ஏன் அப்படி என்பதுதான் நான் புரட்டிய பக்கம். ஆகவே ஒரு மர்மச் சிரிப்போடு கதையை நிறுத்தினேன். பக்கத்து மேசையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரத் தம்பி கேட்டார்: "சேர், அப்ப பிரேக்க அமத்தினா முன்னுக்குப் போயிருவானா?"

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக நான்.

இரவு வீட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்தேன். வேகத்தைக் கூட்டினால் கலம் உயரமான பாதைக்கு ஏறிவிடும். அங்கே சுற்று பெரிது, ஓட்டம் மெதுவு, பின்தங்கிப் போகும். வேகத்தைக் குறைத்தால் கீழே இறங்கும். கீழே சுற்று சின்னது, ஓட்டமும் வேகம். முன்னால் போகிறதை எட்டிப் பிடிக்கலாம். பிரேக்கை அமத்தத்தான் வேண்டும். விண்கலங்கள் சந்திக்கும் இந்த வித்தையில்தான் 1963இல் எட்வின் ஓல்ட்ரின் எம்.ஐ.டி.யில் கலாநிதிப் பட்டம் வாங்கினார். நம் தம்பிக்கு ஒரு பிளேன்டி போதுமாக இருந்தது. அடுத்த நாள் போய் "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லியிருக்கலாம். நான் கடையை மாற்றினேன்.

கணக்கே போடாதவன் என்றும் என்னை நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். 1956இல் இங்கே வந்து குடியேறி, 2008இல் கொழும்பில் காலமாகும்வரை இந்தத் தீவை விடாத ஆர்தர் சி. கிளார்க், 1979இல் 'த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' என்றொரு நாவல் எழுதினார். பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுகிற கதை. லிஃப்டின் அடி பூமத்திய ரேகையில் இருக்க வேண்டும். இலங்கையோ அதற்கு வடக்கே கிடக்கிறது. மனுஷர் தயங்கவில்லை. தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவைத்தார். லிஃப்ட் புறப்படும் மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். அந்த மலை, நாங்கள் பாவா ஆதம் மலை என்கிற அதே மலை. ஆதம் நபி வானத்திலிருந்து இறங்கியதாக மூத்தவர்கள் சொன்ன இடத்திலிருந்து கிளார்க் ஆட்களை மேலே அனுப்பப் பார்த்தார். இதை நினைத்து நான் தனியாகச் சிரித்த இரவுகள் உண்டு.

தீவு 800 கிலோமீற்றர் தெற்கே போனால் நம் ஊர் எங்கே வரும்? அட்லஸை விரித்தேன். ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று வைத்துப் பெருக்கினேன், கழித்தேன். பூமத்திய ரேகை அக்கரைப்பற்றை ஒட்டிப் போனது. கல்முனைக்காரன் ஒருவனுக்கு இது தாங்கக்கூடிய விடையா? விடியும்வரை திரும்பத் திரும்பப் போட்டும் கோடு அக்கரைப்பற்றை விட்டு அசையவில்லை. அங்கே பெண் எடுத்த என் தம்பியிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை.

பள்ளிவாசல் திண்ணையிலும் என் வாய் சும்மா இருந்ததில்லை. 2007 ஒக்டோபரில் மலேசிய டொக்டர் ஷேக் முஸஃபர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது நோன்பு மாதத்தில். அந்த நிலையம் ஒன்றரை மணித்தியாலத்தில் பூமியைச் சுற்றிவிடும். ஒரு நாளில் 16 சூரிய உதயம். அப்படியானால் தொழுகை? மலேசிய உலமாக்கள் கூடி வழிகாட்டல் எழுதினார்கள். ரொக்கெட் புறப்பட்ட இடத்தின் நேரத்தைப் பின்பற்றலாம், கிப்லாவை முடிந்த மட்டும் நோக்கலாம் என்று. பெருநாளும் அவருக்கு மேலேயே வந்தது. இதையெல்லாம் இஷாவுக்குப் பிறகு நான் விரிவாக எடுத்துரைக்க, மூத்தவர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"பதினாறு சுபஹு அங்க இருக்கட்டும் தம்பி. இஞ்ச ஒண்டுதான் வருகுது. அதுக்கு வாங்க பாப்பம்."

பிறை விஷயம் இதைவிட மோசம். நமக்குக் கடல் கிழக்கே. பிறை தெரிவது மேற்கே, வயல் பக்கம். 29ஆம் நோன்பன்று மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுப் பொடியன்களை மொட்டை மாடிக்கு ஏற்றி, சம்மாந்துறைப் பக்கம் தூரநோக்கியைத் திருப்பினேன். அப்பலோ தரையிறங்கிய இடங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு நிலவைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதும் மேகந்தான். "அந்தா மாமா, தென்னைக்கு மேலால" என்று மருமகள் வெறுங்கண்ணால் காட்டினாள். அவள் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது என்று சொன்னேன்.

அன்று ஆறுதலுக்கு மைக்கல் கொலின்ஸைத்தான் எடுத்தேன். 1969இல் மற்ற இருவரும் நிலவில் நடக்க, மேலே தனியாகச் சுற்றியவர். 1974இல் 'கேரியிங் த ஃபயர்' நூலைக் கூலிக்கு ஆள் வைக்காமல் தானே எழுதினார். இந்த வகையில் அதுக்கு மேலே ஒரு புத்தகம் இல்லை என்பது என் கட்சி. இறங்காதவனுக்குத்தான் சுற்றிப் பார்க்க நேரம் இருந்திருக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்கவும். 28 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்து, நிலவைச் சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் கூட்டாளிகள் இறங்கிய ஈகிள் கலம் எங்கே நிற்கிறது என்று தேடினார். கடைசிவரை காணவில்லை. இதை மருமகளிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் காணல்லதானே?" என்றாள்.

போன கிழமை அந்த ஆட்டோத் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். வேகம் கூட்டினால் பின்தங்குகிற கதை மனதை விட்டுப் போகவில்லையாம். புத்தகத்தைத் தந்தால் வாசித்துவிட்டுத் தருவாராம். அது இங்கிலீஷ் ஆச்சே என்றேன். கட்டாரில் பல வருஷம் இருந்தவர், இங்கிலீஷ் பிரச்சினை இல்லை என்றார். படங்கள் கொஞ்சம் கரச்சல் என்றேன். படம் இருந்தால்தான் லேசு என்றார். இவர் அதை முழுசாக வாசித்து, நான் புரட்டிய பக்கங்களைத் தேத்தண்ணிக் கடையில் எனக்கே விளக்குவது கண்முன்னே வந்தது.

"அத ஒராள் கொண்டு போயிட்டாரு தம்பி" என்றேன், அலுமாரிக்கு முன்னால் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டு.