ஒக்டோபர் முதலாம் திகதி

ஒக்டோபர் 1 இலங்கையில் விடுமுறை நாளில்லை. கலண்டரில் சிவப்புப் போடமாட்டார்கள். ஆனாலும் வன்னியில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் அந்தத் திகதியை மறக்கமாட்டார்கள். அது சிறுவர் தினம்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிந்திய சில வருடங்கள் கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் படிப்பித்தேன். ஏ9 வீதி திறந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சாமான்கள் வரத் தொடங்கியிருந்தன. பாதிக் கட்டடத்துக்குக் கூரையில்லை. சிறுவர் தினத்துக்கு மட்டும் குறை வைக்கவில்லை. தேசிக்காய் ஓட்டம், சாக்கோட்டம், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் முடிந்த பிறகு பணிஸ் தின்னும் போட்டி. இரண்டு வேம்புக்கு நடுவே கயிறு கட்டி, நூலில் பணிஸ்களைத் தொங்கவிடுவோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். நூல் ஆடும், பணிஸ் மூக்கில் இடிக்கும், சீனி கன்னமெல்லாம் ஒட்டும். கட்டைப் பிள்ளைகளுக்காகக் கயிற்றை ஒரு பக்கம் தாழ்த்திப் பிடிப்பது என் வேலை. அந்தப் பிள்ளைகளில் சிலரை இப்போது தாய்மார் கையிலிருக்கும் படத்தில்தான் பார்க்கிறேன்.

போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் குடும்பம் குடும்பமாக இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படிச் சரணடைந்து, கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் யோசப் அடிகளாரோடு பஸ்ஸில் ஏறியவர்களைப் பற்றி இன்றுவரை பதிலில்லை. அந்தப் பதிலைக் கேட்டுத்தான் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். சில நாளில் வவுனியாவிலும் பந்தல் எழுந்தது. முல்லைத்தீவுத் தாய்மார் தொடங்கிய நாள் மார்ச் 8, மகளிர் தினம். சுதந்திர தினம், மகளிர் தினம், ஓகஸ்ட் 30இன் காணாமல் ஆக்கப்பட்டோர் தினம், மனித உரிமைகள் தினம் என்று உலகமும் நாடும் குறித்துவைத்த நாட்களெல்லாம் இவர்களுக்குப் படத்தோடு தெருவில் நிற்கும் நாட்களாகிவிட்டன.

ஒக்டோபர் 1 எல்லாவற்றிலும் கொடியது. ஐக்கிய நாடுகள் சபை 1990இல் அறிவித்த முதியோர் தினமும் அன்றுதான். இங்கே பல இடங்களில் இரண்டையும் சேர்த்தே நடத்துகிறார்கள். ஒரே மேடையில் பிள்ளைகளின் நடனம், முதியவர்களுக்குப் பொன்னாடை. பேரப்பிள்ளை ஆட அம்மம்மா பார்த்திருப்பது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே நேரம் வெளியே தெருவில் நிற்கிற தாய்க்கு இரண்டு தினமும் சொந்தம். 2009இல் அவருக்குத் தலை கறுப்பு. இப்போது கைத்தடி. படத்திலிருக்கும் மகன் மட்டும் வெள்ளைச் சேர்ட்டும் பாடசாலை ரையுமாக அதே வயதில் நிற்கிறான். படத்தின் ஓரத்தில் மழைநீர் இறங்கிய கறை.

"சேர், இவன் உங்களிட்டத்தானே படிச்சவன்?"

"ஓம் அம்மா. நாலாம் ஆண்டு வரைக்கும்."

அவருக்குத் தெரியாததல்ல. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்வேன்: இடது கைக்காரன், கணக்கில் கெட்டி, பணிஸ் போட்டியில் முதலாவது.

இப்படியானவர்களைத் தேடவென்று அரசாங்கம் அமைத்த காணாமல் போனோர் அலுவலகம் 2018இலிருந்து இயங்குகிறது. 2022இல் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக அரசாங்கம் சொன்னது. தாய்மார் வேண்டாமென்றார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம் காசை நீட்டினால் வேறென்ன சொல்வார்கள்? பிள்ளையைத் தேடியே பலர் இறந்துவிட்டார்கள். அவர்களின் படங்களும் இப்போது பந்தலில் ஏறிவிட்டன.

சிறுவர் தினத்தன்று எங்கள் பாடசாலைகள் காணாமல் போன இந்தப் பிள்ளைகளின் பெயர்களை வாசிக்க வேண்டும் என்று தெரிந்த அதிபர்களிடம் கேட்டு வருகிறேன். மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் விடப்போவதில்லை. நாங்கள் புதிதாக எந்தப் பெயரையும் எழுதவில்லை. எல்லாம் எங்கள் இடாப்பில் இருந்த பெயர்கள். காலையில் கூப்பிட்டு, வரவு போட்ட பெயர்கள்.