கொலராடோவின் பந்தி

கே: மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வருகிறது. நீர்த் திட்டம் போடுகிறவர்கள் வெயிலையும் ஏன் கணக்கில் சேர்க்கவேண்டும்?

ப: கேட்காமலே பங்கு எடுத்துக்கொள்ளும் ஆசாமி அதுதான்! அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை 1922-இல் ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டன. கணக்கிட்டதோ, மழை வழக்கத்தைவிட அதிகம் கொட்டிய ஆண்டுகளை வைத்து. 1944-இல் மெக்சிகோவும் பந்தியில் அமர்ந்தது. வெப்பத்துக்கு யாரும் இலை போடவில்லை.

அது தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது.

வெப்பம் கூடக் கூட மண்ணும் செடிகொடிகளும் பனி உருகிய நீரை அதிகம் உறிஞ்சுகின்றன, மிச்சம்தான் ஆற்றுக்கு. 2000 முதல் 2014 வரை நீர்வரத்து, முந்தைய நூற்றாண்டின் சராசரியைவிட 19 சதவீதம் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பத்தின் கைவரிசை என்றது 2017-இல் வெளியான ஓர் ஆய்வு.

இதே ஆற்றில் கட்டிய ஹூவர் அணையின் மீட் ஏரியில் தண்ணீர் இறங்கிய உயரத்தைப் பாறையில் படிந்த வெள்ளைப் பட்டையே காட்டும். 2021 ஆகஸ்டில் அங்கே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே அரிசோனா, நெவாடா, மெக்சிகோவின் பங்கு வெட்டப்பட்டது.