ஒரே அளவுச் சீட்டு

பார்க் எக்ஸ்டென்ஷன் வாசகர்களின் கணினிக் கேள்விகள்

கே: ஹெடர் கோப்பு என்றால் என்ன அண்ணா? என் அம்மாவுக்கும் விளங்கும்படி சொல்லுங்கள். (ஜோன் தலோன் வீதி வாசகர்)

ப: தையல் கடையில் எழுதும் அளவுச் சீட்டு. இயங்குதளத்தின் மையமான கர்னல் துணியை வெட்டுகிறது, நிரல் தைக்கிறது. எந்தத் தகவல் எத்தனை பைட், எந்த இடத்தில் என்பது சீட்டில் இருக்கும். இரண்டு பேர் கையிலும் ஒரே சீட்டு இல்லாவிட்டால் சட்டை உடம்பில் ஏறாது.

கே: லினக்ஸ் கர்னலின் மூல நிரலைப் புதுப்பித்தேன். ஹெடர்கள் இருக்கும் யூஎஸ்ஆர் இன்க்ளூட் அடைவிலிருந்து அதற்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டுவிடலாமா? (ஓகில்வி வீதி இளைஞர்)

ப: வேண்டாம் தம்பி. நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகமான ஜீலிப்சி எந்த ஹெடர்களை வைத்துக் கட்டப்பட்டதோ, அங்கே அவைதான் இருக்க வேண்டும். லினக்ஸ் கர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000ஆம் ஆண்டிலேயே இதை வற்புறுத்தினார். புதியவை வேண்டுமானால் ‘மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால்’ மூலம் நிரல்களுக்கு உரிய பகுதியை மட்டும் எடுத்து, ஜீலிப்சியையும் அவற்றோடு மறுபடி கட்டுங்கள்.

கே: கம்பைலர் ஓர் எச்சரிக்கையும் தரவில்லையே, பிறகென்ன பயம்?

ப: கம்பைலர் தன் கையில் உள்ள சீட்டைத்தான் படிக்கும். 32 பிட் கணினிகளில் நேரத்தை வைத்திருக்கும் டைம்_டி வழக்கமாக 4 பைட். 2038 ஜனவரி 19இல் அது நிரம்பிவிடும். அதனால் 8 பைட்டாக்குகிறார்கள். நூலகம் 4 என்றும் நிரல் 8 என்றும் நம்பினால், அடுத்துள்ள தகவல்கள் எல்லாம் இடம் தவறிப் படிக்கப்படும். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு 2024இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகப் பொதிகளைச் சேர்த்தே மாற்றியது இதற்காகத்தான்.

கே: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இந்தத் தொல்லை குறைவாமே?

ப: கர்னல், நூலகம், ஹெடர் மூன்றும் அங்கே ஒரே மூலமரம். பில்ட்வேர்ல்ட், பில்ட்கர்னல், இன்ஸ்டால்கர்னல், ரீபூட், இன்ஸ்டால்வேர்ல்ட்: இதுதான் வரிசை. புதிய கர்னல் பழைய நிரலைத் தாங்கும். பழைய கர்னல் புதிய நிரலைத் தாங்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

கே: மொன்றியலில் யாராவது கர்னல், ஹெடர் விஷயங்களில் வேலை செய்கிறார்களா? (பார்க் மெட்ரோ அருகே வசிக்கும் மாணவி)

ப: நீலப் பாதையில் நாலு நிறுத்தம் போனால் பொறியியல் பல்கலைக்கழகமான பொலிடெக்னிக். கர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் எல்டிடிஎன்ஜியை அங்கே படித்த மத்தியூ டெனுவாயே தொடங்கினார். அதன் மாட்யூல்கள் கர்னல் மரத்துக்கு வெளியே வளர்பவை. கர்னல் ஹெடரில் ஒரு வரி மாறினாலும், எந்தப் பதிப்பிலிருந்து மாறியது என்று பார்த்து, பழையதற்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என எழுதி வைக்கிறார்கள். மூலம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது தங்கச்சி. அந்தப் பதிப்புக் குறிப்புகளிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். பொறுமையான வேலை எப்படி இருக்கும் என்று தெரியும்.