பன்னிரண்டு முதல் நாலு வரை

சிங்கப்பூரிலிருந்து தங்கை மகள் வந்துவிட்டுப் போய்விட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை. அவள் போய்விட்டாள், என் மதியத் தூக்கம்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

வெள்ளி இரவு அலுவலகத்திலிருந்து நேரே விமானம். சனி முழுக்கச் சபா. ஞாயிறு பகல் காஞ்சிபுரம். ஞாயிறு இரவு மறுபடி விமானம், திங்கள் காலை மறுபடி அலுவலகம். இதற்கு அவள் வைத்த பெயர் 'ஸோலோ ட்ரிப்'. மார்கழி பிறந்தால் இப்படிக் கிளம்பி வருகிறவர்கள் ஏராளம். நீங்களும் ஒருமுறையாவது வந்திருப்பீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு சங்கீத மாநாட்டையும் நடத்தி, அடுத்த ஆண்டே மியூசிக் அகாதெமியைத் தொடங்கிய பெரியவர்களுக்கு, இது கடைசியில் 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கிழவனின் தூக்கத்தில் வந்து முடியும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையைப் பற்றி. சங்கீதத்துக்காகக் கடல் தாண்டி வருகிறவர்கள், சங்கீதம் குடியிருந்த ஊருக்கு வந்து அது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்பது என் வயிற்றெரிச்சல். அதற்கு வருகிறேன். முதலில் இந்தப் பன்னிரண்டு மணி விவகாரத்தை முடித்துவிடலாம்.

எங்கள் ஊரில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பதினொன்று ஐம்பதுக்கு வந்து சேர்வார்கள். விடிகாலையில் கிளம்பியவர்களும் அப்படித்தான், எட்டு மணிக்குக் கிளம்பியவர்களும் அப்படித்தான். வழியில் ஸ்ரீபெரும்புதூர் எதற்கு இருக்கிறது? பதினொன்று ஐம்பதுக்கு வரதராஜர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே எனக்கு ஃபோன் செய்தாள். "மாமா, தங்கப் பல்லியைத் தொட்டுட்டு, ஏகாம்பரநாதர் பார்த்துட்டு, கைலாசநாதர்ல நாலு போட்டோ எடுத்துட்டு, காமாட்சியையும் சேவிச்சுட்டு ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறேன்."

பன்னிரண்டே காலுக்கு வந்துவிட்டாள்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு நெசவு எப்படி வந்தது என்பதற்குப் புத்தகங்களில் பல காரணங்கள் உண்டு. விஜயநகரக் காலத்தில் நெசவாளர்கள் வந்து குடியேறினார்கள் என்பார்கள். என் ஆராய்ச்சி வேறு. நடை சாத்தியதால் வந்த தொழில் இது. கும்பிட வந்த கூட்டம் நாலு மணி நேரம் வெயிலில் நிற்க முடியாது. ஊரில் கடல் இல்லை, மலை இல்லை. காசு இருக்கிறது, நிழல் வேண்டும். காந்தி ரோட்டுக் கடையில் வெள்ளை விரிப்பும், மின்விசிறியும், குளிர்ந்த தண்ணீரும், "வாங்கவே வேணாம்மா, சும்மா பாருங்க" என்கிற குரலும் இருக்கின்றன. மற்றது தானாக நடக்கும். சாமி கண்ணை மூடினால் கல்லாப்பெட்டி கண்ணைத் திறக்கும். நாளைக்கே அறநிலையத் துறை மதியமும் நடை திறந்திருக்கும் என்று அறிவித்துப் பார்க்கட்டும், பாதி ஷட்டர் இறங்கிவிடும்.

கடைக்கு நானும் போக வேண்டுமாம். "நீங்க காஞ்சிபுரத்துக்காரர் மாமா, உங்களை ஏமாத்த மாட்டாங்க." வாழ்நாள் முழுக்க வங்கியில் லெட்ஜர் பார்த்தவன் நான். பட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, என் மனைவி பில்லை ஒளித்துவைக்கும் இடம் மட்டுமே. ஆனால் இந்த ஊரில் பிறந்தவன் கையில் சரிகையைக் கொடுத்தால் போதும், தாயின் வயிற்றிலேயே தர நிர்ணயம் படித்துவிட்டு வந்திருப்பான் என்று உலகம் நம்புகிறது. டில்லியில் ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத அம்மாள் முந்தானையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஒரிஜினலா பாருங்கோ" என்றார். பக்கத்தில் அவர் கணவர்.

தனியாக வந்திருக்கிறாள் என்று பெயர்தானே தவிர, கைபேசிக்குள் ஒரு குடும்பமே கூட வந்திருந்தது. மாம்பலத்திலிருந்து என் தங்கை, டொரன்டோவிலிருந்து நாத்தனார் (அங்கே அப்போது நடுராத்திரி, அவளுக்கும் தூக்கம் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி), சிங்கப்பூரிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண். எல்லாருக்கும் 'எம்.எஸ். ப்ளூ' வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பெயர் பெற்ற அந்த நீலம், இந்த ஊர்த் தறியில் பிறந்தது. அது வீடியோவில் டொரன்டோவில் பச்சையாகத் தெரிந்தது, மாம்பலத்தில் கறுப்பாகத் தெரிந்தது. கடைப் பையன் விரித்துக்கொண்டே போனான். விரித்த புடவைகளுக்கு நடுவில் என்னைக் காணவில்லை என்று யாரும் தேடவில்லை.

பிறகு பரிசோதனை. எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறாள். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். தெரிந்தது. பட்டு நூலைக் கொளுத்தினால் மயிர் கருகும் வாசனை வர வேண்டும். வந்தது. கடைக்காரர் தயாராகத் தீப்பெட்டி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்குப் பழகிப்போயிருந்தது.

சுரண்டிப் பார்க்கத் தெரிந்தவளிடம், உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருந்தால் அதைக் கோர்வை போட்டுத்தான் நெய்ய வேண்டும், ஒருவர் நெய்ய இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும், புடவை முடிய வாரக்கணக்கில் ஆகும் என்றேன். "ஓ, நைஸ்" என்றாள். விலையில் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்டாள். நெய்தவனுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்குத் தெரு கேட்ட தறிச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. நெசவாளி மகன் விடிகாலையில் ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். இதற்கெல்லாம் தீப்பெட்டி வைத்துப் பார்க்கும் பரிசோதனை ஒன்றும் கிடையாது.

சரி, நயினாப் பிள்ளை.

அதற்கு முன் காமாட்சி. சனிக்கிழமைக் கச்சேரியில் சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதி கேட்டு உருகிவிட்டாளாம். "அந்தக் காமாட்சி இங்கேதானே மாமா இருக்கா? நாலு மணிக்குப் பார்த்துடலாம்." இல்லையம்மா, அவர் பாடியது பங்காரு காமாட்சியை. படையெடுப்புக்குப் பயந்து இந்த ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போன தங்க விக்ரகம், ஊர் ஊராய் அலைந்து தஞ்சாவூரில் தங்கிவிட்டது, அதற்குப் பூஜை செய்த குடும்பம் அவருடையது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பரவாயில்லை, நம் பேச்சு உள்ளே இறங்குகிறது என்று நினைத்தேன். "தஞ்சாவூர் போயிட்டு ஃப்ளைட்டைப் பிடிக்க முடியாதில்ல?" என்றாள்.

மூன்றரை மணிக்கு, அவள் காபி குடிக்கும்போது, ஒருவழியாக ஆரம்பித்தேன். இந்த ஊரில் நயினாப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார், பல்லவி பாடினால் வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் கணக்கில் சவால் விடுவார் என்றேன். "யூட்யூப்ல இருக்காரா?" என்றாள். 1934-லேயே காலமாகிவிட்டார் என்றேன். "ஐயோ, சாரி மாமா" என்றாள், போன வாரம் போனவருக்குச் சொல்வதுபோல. டி.கே. பட்டம்மாள் 1919-இல் இந்த ஊரில்தான் பிறந்தார், 'டி' என்றால் தாமல், பெங்களூர் ரோட்டில் இதோ இருக்கிறது, சின்னப் பெண்ணாக நயினாப் பிள்ளை கச்சேரியைக் கேட்டு வளர்ந்தவர் என்று தொடங்கினேன். டொரன்டோ கூப்பிட்டது. பச்சைதான் வேண்டுமாம்.

நாலு மணிக்கு நடை திறந்தது. விமான நிலையத்துக்கு நேரமாகிவிட்டது என்று நாலே காலுக்குக் கார் கிளம்பியது. ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரத்தை, கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பியதை, கார் கண்ணாடி வழியாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். 'காஞ்சி டன்' என்று கீழே குறிப்பு.

2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் எங்கள் வீட்டில் விரித்த பாயைச் சுருட்டவே இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அடுத்தது 2059-இல்தான், அதற்குள் வயது என்னைக் காப்பாற்றிவிடும். மார்கழி வருஷா வருஷம் வருகிறது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாராளமாக வாருங்கள். காலை ஆறு மணிக்கு வாருங்கள், மாலை நாலுக்கு மேல் வாருங்கள், காபி தருகிறோம். பன்னிரண்டு முதல் நாலு வரை மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் நடை சாத்தியிருக்கும், என் வீட்டு நடையும் சேர்த்து.